‘ரன்’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை கருத்தைத்தான் பாடமாக்குவது?

ஒட்டுசுட்டான் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். விவசாயிகளுக்குப் பயிற்சி, விதைநெல் என்று கொடுக்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கொழும்பில் இருந்து வருகிற மின்னஞ்சல் முழுக்க இங்கிலீஸ்தான், ஓரளவு சமாளிப்பேன். ஆனால் போன கிழமை வந்த ஒன்றில் இரண்டே இரண்டு வரி, அதற்குள் நாலு ‘ரன்’. அப்படியே தமிழ் எழுத்தில் போடுகிறேன்:

‘வீ ஆர் ரன்னிங் லோ ஒன் சீட் பெடி. ப்ளீஸ் ரன் த நம்பர்ஸ் அண்ட் ரன் இட் பை த மனேஜர் பிஃபோர் வீ ரன் த ட்ரெயினிங்.’

இதில் ஒருத்தரும் ஓடவில்லை, யாரையும் ஓடச் சொல்லவும் இல்லை. விதைநெல் குறைந்துகொண்டு வருகிறது, கணக்கைப் போட்டுப் பாருங்கள், பயிற்சியை நடத்துவதற்கு முன் மனேஜரிடம் ஒருக்கால் காட்டிக் கேளுங்கள் என்று பக்கத்து மேசை அண்ணா விளங்கப்படுத்தினார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் ‘பழகப் பழக வரும்’ என்கிறார். அது ஒரு பதிலா?

அகராதியைத் திறந்தால் ‘ரன்’ பக்கம் பக்கமாகப் போகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள், இருபதைத் தாண்டும்போதே முதலாவது மறந்துவிடுகிறது. இவ்வளவையும் பாடமாக்கத்தான் வேண்டுமா, இல்லை இதற்குள் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வட்டக்கச்சி வாசி:

தங்கச்சி, அகராதியில் அது அவ்வளவு நீளத்துக்குக் கிடப்பதற்குக் காரணம் உண்டு. இங்கிலீஸ் அகராதிகளில் பெரியதான ஒக்ஸ்போர்ட் அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக இந்த ஒரு வினையை எழுதி முடிக்க பீற்றர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு 9 மாதமளவில் எடுத்ததாம். கடைசியில் அவர் பிரித்து வைத்தது 645 கருத்துகள், அதுவும் வினையாக வரும்போது மட்டும். 2011 இல் பத்திரிகைகளில் இது செய்தியாகவே வந்தது. அதற்கு முதல் நீண்ட காலமாக முதலிடத்தில் இருந்தது ‘செற்’ என்ற சொல், 1989 இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கு 400 க்கு மேல் கருத்து.

இந்த 645 ஐயும் பாடமாக்கிப் பேசுகிறவன் இங்கிலாந்திலேயே கிடையாது. உங்களுக்கும் தேவையில்லை, ஏனென்றால் பாதிக்குக் கிட்ட உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எங்களுடைய ‘ஓடு’ இருக்கிறதே, அதை ஒருக்கால் பிடித்து உலுக்கிப் பாருங்கள். தண்ணி இறைக்கிற மெசின் ஓடுகிறது. வாய்க்காலில் தண்ணி ஓடுகிறது. ஏ9 வீதியில் பஸ் ஓடுகிறது. தியேட்டரில் படம் ஓடுகிறது. மணிக்கூடு ஓடுகிறது. பூசணிக்கொடி வேலிவரைக்கும் ஓடியிருக்கிறது. மழைக்குப் பிறகு சுவரில் வெடிப்பு ஓடியிருக்கிறது. புதுச் சட்டையைத் தோய்த்தால் சாயம் ஓடுகிறது என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த எட்டில் ஒன்றுக்காவது கால் இருக்கிறதா? இல்லை. ஆனாலும் நீங்கள் ஒரு நாளும் ‘ஓடு என்றால் எத்தனை கருத்து’ என்று தலையைச் சொறிந்திருக்க மாட்டீர்கள். இந்த எட்டு இடத்திலும் இங்கிலீஸ்காரனும் ‘ரன்’தான் போடுவான். கொடியாய் ஓடிப் பரவுகிற தண்டுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயரே ‘ரன்னர்’. ஸ்ட்ரோபெரி நட்டவர்களைக் கேட்டால் தெரியும், நுவரெலியாப் பக்கம் போனால் பார்க்கலாம்.

ஆகவே 645 ஐ எண்ணாமல், எது ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். ஆளா, மெசினா, தண்ணியா, நேரமா, கணக்கா, கோடா? எழுவாயைப் பிடித்தால் கருத்து தானாக வந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். நாங்கள் ‘அவர் பஸ் ஓடுறவர்’, ‘தம்பி சைக்கிள் ஓடப் பழகிட்டான்’ என்று சொல்கிறோம், இந்தியாவில் ‘ஓட்டு’ என்று சொல்வதைத்தான் நாங்கள் ‘ஓடு’ என்கிறோம். இந்தப் பழக்கத்தில் ‘ஹி ரன்ஸ் எ பஸ்’ என்று எழுதினால் வாசிக்கிறவனுக்கு அவர் டிரைவர் என்று விளங்காது. பஸ் அவருடையது, ஒரு ரூட்டில் விட்டிருக்கிறார் என்றுதான் விளங்கும். ‘அவருக்கு முல்லைத்தீவு ரூட்டில ஒரு பஸ் ஓடுது’ என்று நாங்கள் சொல்கிறோமே, அது. டிரைவர் என்றால் ‘ட்ரைவ்’, சைக்கிள் என்றால் ‘ரைட்’. கடை, பள்ளிக்கூடம், பயிற்சி, பஸ் சேவை, இவற்றை நடத்துவது ‘ரன்’. உங்கள் மின்னஞ்சலில் நாலாவதாக வருகிற ‘ரன் த ட்ரெயினிங்’ இந்த வகை.

கப்டன் கூல் கரைச்சி:

எல்லாம் சரி, ஆனால் வன்னியில் பத்து வயதுப் பொடியனிடம் போய் ‘ரன்’ என்றால் என்ன என்று கேளுங்கள், கிரிக்கெட்டைத் தவிர வேறு பதில் வராது. 😀

அதிலும் ஒரு பகிடி இருக்கிறது. பந்து எல்லைக்கோட்டுக்குப் போனால் நாலு ரன், ஆனால் அடித்தவன் நின்ற இடத்தில் மட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், ஒரு அடி ஓடுவதில்லை. 1997 இல் கொழும்பில் இந்தியாவுக்கு எதிராக எங்கள் அணி 6 விக்கெட்டுக்கு 952 அடித்ததே, சனத் ஜயசூரிய மட்டும் 340, அதில் உண்மையாகக் காலால் ஓடியது எவ்வளவு என்று யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது. ஆதி காலத்தில் ஓட்டத்தை எண்ணுவதற்கு ஒரு தடியில் கத்தியால் வெட்டுப் போடுவார்களாம், அதனால் ரன்னுக்கு ‘வெட்டு’ என்ற கருத்துள்ள சொல்லும் இருந்திருக்கிறது. நல்ல காலம் அது நிலைக்கவில்லை, ‘340 வெட்டு’ என்று றேடியோவில் சொன்னால் எப்படி இருக்கும்!

எங்கள் றேடியோவும் பேப்பரும் ‘ஓட்டங்கள்’ என்று தமிழில்தான் சொல்கிறது, இந்தியாக்காரர் ‘ரன்கள்’ என்கிறார்கள். இதில் நாங்கள்தான் வெற்றி.

பழைய சோக்கட்டி:

நான் முப்பது வருடத்துக்கு மேல் இங்கிலீஸ் படிப்பித்தவன், இப்போது ஓய்வு. வட்டக்கச்சித் தம்பி சொன்னது நல்ல வழிதான், ஆனால் அது வீட்டுக் கேற்வரைக்கும்தான் கொண்டுபோய் விடும். பிள்ளைகள் ஓ/எல் சோதனைப் பேப்பரில் விழுகிற இடம் தனி ‘ரன்’ இல்லை, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற சின்னச் சொல். அவுட், ஓவர், இன்டு, டவுன், த்ரூ, பை. மகள் இந்த ஆறையும் பிடித்தால் போதும், மிச்சத்தை வாசிக்க வாசிக்க ஊகிக்கலாம்.

‘ரன் அவுட்’டில் தொடங்குவோம், ஏனென்றால் இது ஒவ்வொரு நாளும் வருவது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாங்கள் எல்லாரும் ஷெட் வாசலில் இரவு பகலாய் வரிசையில் நின்றோம், பங்கிட்டுக் கொடுக்கக் கியூஆர் கோட் வந்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்போது ஷெட்காரர் வெளியில் வந்து கையை விரித்தால் அதை இரண்டு விதமாய்ச் சொல்லலாம். பெற்றோலை எழுவாயாக்கினால் ‘த பெற்றோல் ரேன் அவுட்’. ஆளை எழுவாயாக்கினால் ‘வீ ரேன் அவுட் ஒஃப் பெற்றோல்’. இந்த ‘ஒஃப்’ ஐ விட்டுவிட்டு ‘வீ ரேன் அவுட் பெற்றோல்’ என்று எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் போட்ட சிவப்புக் கோட்டைச் சேர்த்தால் கிளிநொச்சியில் இருந்து மாங்குளம்வரைக்கும் வரும். முடிவது பொருள் என்றால் ‘ஒஃப்’ இல்லை, இல்லாமல் நிற்பது ஆள் என்றால் ‘ஒஃப்’ வேண்டும். அவ்வளவுதான். கிரிக்கெட்டின் ரன் அவுட்டை இதற்குள் கொண்டுவந்து குழப்ப வேண்டாம், அது வேறு குடும்பம்.

‘ரன் இன்டு’ இரண்டு வேலை செய்யும். தெருவில் தற்செயலாய் ஒருத்தரைச் சந்தித்தாலும் அதுதான், வாகனம் மதிலில் போய் மோதினாலும் அதுதான். ‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்று ஒரு பொடியன் எழுதினால், அவன் நடந்து போனானா மோட்டார்சைக்கிளில் போனானா என்று பார்த்துத்தான் ஆசிரியரின் உடம்புக்கு ஏதும் ஆனதா என்று தீர்மானிக்க வேண்டும். ‘ரன் ஓவர்’ என்றால் சந்தேகமே இல்லை, சில்லு ஏறிவிட்டது. கூட்டம் சொன்ன நேரத்தைத் தாண்டி நீண்டாலும் ‘ரன் ஓவர்’தான், எங்கள் பக்கத்துக் கூட்டங்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய சொல்.

‘ரன் டவுன்’ என்றால் ஒருத்தரைப் பற்றி மட்டமாய்ப் பேசுவது, பற்றரி இறங்கிப்போவது, ஆள் களைத்து உடம்பு தேய்ந்து நிற்பது. ‘ரன் த்ரூ’ என்றால் தொடக்கத்தில் இருந்து கடைசிவரைக்கும் ஒருக்கால் விரைவாய்ப் பார்ப்பது. மகளுக்கு வந்த ‘ரன் இட் பை’ என்பது அவருக்கு ஒரு சொல் போட்டு அபிப்பிராயம் கேட்பது. முடிவு எடுத்துத் தாருங்கள் என்று கேட்பதில்லை, பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பது. இந்த வித்தியாசம் கந்தோரில் முக்கியம்.

இன்னொன்று, இதையும் எழுதி வையுங்கள்: ரன், ரேன், ரன். மூன்றாவது திரும்பவும் ‘ரன்’. ‘ஐ ஹேவ் ரேன்’ என்று ஒன்று இல்லை.

தாதி அக்கா மாங்குளம்:

வாட்டில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு நாள் போகாது. டொக்டர்மார் தங்களுக்குள் பேசும்போது கவனித்தால் தெரியும். காய்ச்சல் இருந்தால் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. இரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னால் ‘ரன் சம் டெஸ்ட்ஸ்’. சேலைன் ஏற்றுகிறபோது எவ்வளவு வேகத்தில் போகவிட வேண்டும் என்பதற்கும் ‘ரன்’தான். பரம்பரை வருத்தம் என்றால் ‘ரன்ஸ் இன் த ஃபமிலி’, குடும்பத்துக்குள் ஓடுகிறதாம். நாங்கள் அந்த இடத்தில் ‘தகப்பன்வழியால வந்தது’ என்போம், ஓடுவதில்லை, வருவது.

ஆனால் மூக்கும் வயிறும் இரண்டு மொழியிலும் ஒரே மாதிரி ஓடுகிறது பாருங்கள். ‘பிள்ளைக்கு மூக்கால ஓடுது’ என்று தாய் சொல்வதை டொக்டர் ‘ரனி நோஸ்’ என்று எழுதுவார், சொல்லுக்குச் சொல் அதேதான். மற்றது, நாங்கள் கௌரவமாய் வயிற்றோட்டம் என்று எழுதுகிறதற்கு வெள்ளைக்காரர் வீட்டுப் பேச்சில் ‘த ரன்ஸ்’ என்பார்கள். பன்மை, முன்னால் ‘த’ கட்டாயம். கப்டன் கூல் தம்பி, ‘ஹி ஹாஸ் த ரன்ஸ்’ என்று யாராவது சொன்னால் ஸ்கோர் எத்தனை என்று கேட்டுவிடாதேயும்.

கப்டன் கூல் கரைச்சி:

அக்கா 😂😂 இனி மட்ச் பார்க்கும்போது இதுதான் ஞாபகம் வரப்போகுது.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. சேர், அந்த ‘ஒஃப்’ விசயம் இப்போதுதான் பிடிபட்டது. ஆனால் என்னுடைய முதல் வரி இன்னும் இடிக்கிறது. ‘ரன்னிங் லோ’ என்பதில் பின்னால் வருவது அவுட், ஓவர் மாதிரி இல்லையே, ‘லோ’ என்றால் குறைவு. குறைவாய் ஓடுகிறது என்று எடுத்தால் கருத்து வரவில்லை. நேற்று இன்னொரு மின்னஞ்சலில் ‘ரன்னிங் லேட்’ என்றும் இருந்தது. பிந்தி ஓடுகிறாரா?

துருசடி:

பிள்ளை, நான் கமக்காரன், இங்கிலீஸ் வாத்தி இல்லை. ஆனால் குளம் சம்பந்தப்பட்ட திட்டங்களில் இஞ்சினியர்மாருக்குப் பின்னால் பல வருடம் திரிந்ததில் இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருந்தது, எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன், பிழை என்றால் சேர் திருத்தட்டும்.

இரணைமடுவுக்குத் தண்ணி வருவது கனகராயன் ஆற்றால். வவுனிக்குளத்துக்குப் பாலி ஆறு. உங்கள் முத்தையன்கட்டுக்குப் பேராறு. வடகீழ்ப் பருவமழை பொழிகிறபோது முதல் மழையைக் காய்ந்த நிலம் குடித்துவிடும், நிலம் நனைந்து நிறைந்த பிறகு விழுகிற மழைதான் உள்ளுக்கு இறங்காமல் மேலால் ஓடிக் குளத்துக்கு வரும். அந்த மேலால் ஓடி வருகிற தண்ணிக்கு அவர்கள் சொல்வது ‘ரன்ஓஃப்’. குளம் எவ்வளவு நிறையும், எத்தனை ஏக்கர் சிறுபோகத்துக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கு எல்லாம் அதை வைத்துத்தான். இது நல்ல ஓட்டம், உண்மையாகவே தண்ணி ஓடுகிறது, இதில் சிக்கல் இல்லை.

சிக்கல் தண்ணி இல்லாத நேரத்தில் வரும். ஆவணி வெயிலில் கிணறு அடி தட்டினால் ‘த வெல் ரேன் ட்ரை’ என்று எழுதுவார்கள். ஓடுவதற்குச் சொட்டுத் தண்ணி இல்லை, ஆனால் ‘ரன்’ நிற்கிறது! எனக்கும் இது முதலில் பெரிய பகிடியாய்த்தான் பட்டது. பிறகு பார்த்தால் நாங்கள் ‘கிணறு வத்திப்போச்சு’ என்கிறோம். வற்றி எங்கே போனது? ஒரு இடமும் போகவில்லை. அந்தப் ‘போச்சு’ என்ன வேலை செய்கிறதோ அதே வேலையைத்தான் அங்கே ‘ரன்’ செய்கிறது, ஒரு நிலைக்கு வந்துவிட்டது என்று காட்டுவது. விதைநெல் ‘குறைஞ்சுபோச்சு’ என்றால் ‘ரன் லோ’, குறைந்துகொண்டு போகுது என்றால் உங்கள் ‘ரன்னிங் லோ’. ஆள் ‘பிந்திப்போச்சு’ என்றால் ‘ரன்னிங் லேட்’. காசு ‘தட்டுப்பட்டுப்போச்சு’ என்றால் ‘ரன் ஷோர்ட்’. அவிட்டு விட்ட மாடு கட்டாக்காலியாய்ப் போய் வயலுக்குள் இறங்கினால் ‘ரன் வைல்ட்’ என்று ஒன்று இருக்கிறது, அது பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். பின்னால் ‘எப்படி’ என்று சொல்கிற சொல் வந்தால் முன்னால் நிற்கிற ‘ரன்’ ஐ ஓட்டமாய் எடுக்காமல் ‘போச்சு’வாய் எடுத்துப் பாருங்கள், அநேகமாய்ச் சரிவரும்.

ஆனால் வீதி, வாய்க்கால், வேலி மாதிரி நீட்டுக்குக் கிடக்கிற சாமான்களுக்கு அவர்கள் ‘ரன்’ போட, நாங்கள் ‘போகுது’ போடுகிறோம். வாய்க்கால் வயலுக்குள்ளால் போகுது. தண்ணிதான் ஓடும், வாய்க்கால் போகும். அவர்களுக்கு வாய்க்காலும் ஓடும்.

பழைய சோக்கட்டி:

துருசடி அவர்களே, திருத்த ஒன்றும் இல்லை. ‘போச்சு’ என்று பிடித்த பிடியை நான் வகுப்பில் இருந்த காலத்தில் யோசிக்காமல் போனேனே என்று இருக்கிறது. ஒரு எல்லை மட்டும் போடலாம்: எல்லாப் ‘போச்சு’வும் ‘ரன்’ ஆகாது. பால் புளித்துப்போனால் ‘வென்ட் சவர்’, ஆள் மெலிந்துபோனால் வேறு, பழம் அழுகிப்போனால் வேறு. ‘ரன்’ எடுப்பவை கொஞ்சம்தான்: லோ, ஷோர்ட், ட்ரை, லேட், வைல்ட், ஹை. கடைசியானது உணர்ச்சி கூடிப்போவதற்கு வரும், தேர்தல் காலத்தில் பேப்பரில் பார்க்கலாம்.

தண்ணி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வினை ஆதியில் ஆளின் ஓட்டத்துக்கும் தண்ணியின் ஓட்டத்துக்கும் சேர்த்தே இருந்தது. இங்கிலீசுக்குச் சொந்தக்காரியான ஜெர்மன் மொழியில் இன்றைக்கும் இரண்டு சொல் தனித்தனியாய் உண்டு, ‘ரெனன்’ என்றால் ஓடுவது, ‘ரினன்’ என்றால் வழிந்து ஓடுவது. இங்கிலீசில் இரண்டும் ஒன்றாய்க் கலந்துவிட்டது. மூக்கும் குழாயும் சாயமும் ‘ரன்’ ஆவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

வெம்பிளி மாமி:

நான் விசுவமடுவில் பிறந்து வளர்ந்து இப்போது லண்டனில். இங்கே பேச்சில் அடிக்கடி காதில் விழுவதைச் சொல்கிறேன், அகராதியில் அது எங்கேயோ அடியில் கிடக்கும்.

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் ஏற்றி வருகிற வேலைக்கு ‘ஸ்கூல் ரன்’. கூடுதலாய் அதைக் காரில் இருந்துகொண்டுதான் செய்கிறார்கள். கடைக்கு, பாங்குக்கு, தபாற்கந்தோருக்கு என்று சின்னச் சின்ன அலுவலாய் திரிவது ‘ரன் எரண்ட்ஸ்’, எங்கள் ‘ஓடியாடித் திரியிறது’ மாதிரி. குளிக்கிற தொட்டியில் தண்ணி திறந்து விடுவது ‘ரன் எ பாத்’. கோழிக்கூட்டுக்கு முன்னால் வலை அடித்துக் கோழி உலாவ விடுகிற இடம் ‘சிக்கன் ரன்’, ஊரில் அதற்கு முழு வளவும் விட்டிருந்தோம்.

இங்கேயும் அமெரிக்காவிலும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் கவனியுங்கோ. தேர்தலில் அமெரிக்காக்காரர் ஓடுகிறார்கள், ‘ரன் ஃபோர் பிரசிடென்ட்’. இங்கே நிற்கிறார்கள், ‘ஸ்டாண்ட் ஃபோர் பார்லிமென்ட்’. ஊரில் எங்கள் ஆட்களும் ‘இந்தமுறை அவர் நிக்கிறாராம்’ என்றுதானே சொல்கிறோம், இல்லாவிட்டால் ‘எலெக்சன் கேக்கிறார்’ என்கிறோம். பெண்கள் போடுகிற நைலோன் காலுறையில் ஒரு நூல் விட்டு நீளத்துக்குப் பிரிந்தால் அமெரிக்காவில் அது ‘ரன்’, லண்டனில் ‘லடர்’, அதாவது ஏணி. பார்த்தால் ஏணிப்படி மாதிரித்தான் இருக்கும், இந்த விசயத்தில் நான் இங்கத்தைய ஆட்கள் பக்கம்.

வட்டக்கச்சி வாசி:

மாமி சொன்ன பெயர்ச்சொல் பக்கத்தில் எனக்குப் பிடித்தது ‘ரன் ஒஃப் த மில்’. சாதாரணமானது, விசேசம் ஒன்றும் இல்லை என்று கருத்து. மில்லால் வெளியில் வந்தபடி, தரம் பிரிக்காமல் கிடக்கிற சாமானைச் சொல்லித் தொடங்கியது. நெல்லுக் குத்தக் கொடுத்துவிட்டு மில் வாசலில் நின்றவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை, புடைக்க முதல் குறுநெல்லும் கல்லும் சேர்ந்து வருமே, அதுதான்.

பெயராய் வரும்போது ‘தொடர்ந்து’ என்ற கருத்து கூட. அடுத்தடுத்து வெற்றி வந்தால் ஒரு ‘ரன்’, ஒரே தடவையில் அச்சடிக்கிற பிரதிகள் ஒரு ‘ரன்’, பாங்கில் காசு இருக்காது என்ற பயத்தில் சனம் எல்லாம் ஒரே நேரத்தில் எடுக்கப் போனால் அது அந்தப் பாங்குக்கு வந்த ‘ரன்’. பிறகு அரசாங்க வாகனச் சாரதிமார் எழுதுகிற ‘ரன்னிங் சார்ட்’ எல்லாருக்கும் தெரியும், எங்கே இருந்து எங்கே, எத்தனை கிலோமீற்றர் என்று. ஓடுகிற பஸ்ஸில் தொங்கி ஏறுவதை ‘ரன்னிங்கில ஏறினான்’ என்று நாங்கள் சொல்வது எங்கள் சொந்த உற்பத்தி, இதை மின்னஞ்சலில் போட வேண்டாம்.

தங்கச்சிக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இது வராவிட்டால் நான் முதலில் சொன்னது ஆபத்து. எங்கள் ஓட்டம் எல்லாம் அங்கே ஓடாது. ‘எனக்கு ஒண்டும் ஓடுதில்லை’ என்று மண்டை வேலை செய்யாததைச் சொல்கிறோம், அதை ‘நத்திங் இஸ் ரன்னிங்’ என்று எழுதினால் மெசின் எல்லாம் நின்றுவிட்டதாக்கும் என்று நினைப்பார்கள். ‘கையும் ஓடேல்ல காலும் ஓடேல்ல’வைச் சொல்லவே வேண்டாம். ‘பத்து வருசம் ஓடிப்போச்சு’ என்பதும் அங்கே ஓடாது, பறக்கும், இல்லாவிட்டால் கடந்து போகும். நேரத்துக்கு ‘ரன்’ கூடுதலாய் வருவது ‘ரன் அவுட்’ ஆகி முடிகிறபோதுதான்.

கப்டன் கூல் கரைச்சி:

கொம்பியூட்டரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். புரோகிராமைத் தொடக்குவது ‘ரன்’. விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அமத்தினால் ‘ரன்’ என்ற பெட்டியே திறக்கும். ஒட்டுசுட்டான் அக்காவின் ‘ரன் த நம்பர்ஸ்’ உம் அந்த மாதிரித்தான், இலக்கங்களை உள்ளே போட்டு என்ன விடை வருகிறது என்று பார்ப்பது. பயப்பட ஒன்றும் இல்லை, எக்செல்லில் கூட்டிப் பார்த்தால் சரி.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

நல்லா இருக்கு. நான் பதில் எழுதிவிட்டேன், அனுப்ப முதல் ஒருக்கால் பாருங்கோ. (‘ரன் பை’ செய்கிறேன்!)

‘ஐ ஹேவ் ரேன் த நம்பர்ஸ். வீ வில் ரன் அவுட் சீட் பெடி பிஃபோர் த ட்ரெயினிங். மை பிரதர் ரன்ஸ் த வேன், ஹி கேன் பிரிங் மோர் ஃப்ரொம் கிளிநொச்சி.’

பழைய சோக்கட்டி:

மகள், மூன்று இடம். ‘ஐ ஹேவ் ரன்’. ‘ரன் அவுட் ஒஃப் சீட் பெடி’. மூன்றாவதுக்கு ஒரு கேள்வி: வேன் தம்பியுடையதா, அல்லது அலுவலக வேனுக்கு அவர் டிரைவரா?

ஒட்டுசுட்டான் பிள்ளை:

டிரைவர்தான் சேர்.

பழைய சோக்கட்டி:

அப்ப ‘ட்ரைவ்ஸ்’. ‘ரன்ஸ்’ என்று போனால் விதைநெல் ஏற்றின கூலிக்குத் தம்பியிடம் பில் கேட்பார்கள்.

ஒட்டுசுட்டான் பிள்ளை:

திருத்தி அனுப்பிவிட்டேன். மனேஜர் உடனேயே பதில் போட்டிருக்கிறார்: ‘குட், லெட் அஸ் ரன் வித் இட்.’ இது என்ன சேர், எதைக் கொண்டு ஓடுறது?

பழைய சோக்கட்டி:

நீங்கள் சொன்ன யோசனையைக் கொண்டு. அதையே வைத்து வேலையைத் தொடங்குவோம் என்கிறார். தம்பிக்கு போன் எடுங்கோ.